பூட்டாத திருகு

மீசைக்காரர் ஸ்டாண்டு வாங்க வந்த அன்று அந்தக் கேமராக் கடையில் வேறு வியாபாரம் நடக்கவில்லை. அவர் நடக்க விட்டால்தானே. எடுத்து வைத்த ஒவ்வொரு ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முழுக்க நீட்டி நிறுத்தி, உச்சியில் உள்ளங்கையைப் பதித்து, உடம்புப் பாரம் மொத்தத்தையும் அதன்மேல் போட்டு அமுக்கினார். அமுக்கியதோடு விட்டாரா? உச்சியை இரண்டு கைகளாலும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினார். எந்தக் காலாவது லேசாக முனகினால் போதும், அதை ஓரங்கட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார். கடைக்காரர் எடையே இல்லாத புது ரகம் ஒன்றைச் சுண்டுவிரலில் தூக்கிக் காட்டினார். காற்றடித்தால் அது தனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும் என்று சொல்லி மீசைக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மனிதர் கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்தவர். அவருக்கு ஸ்டாண்டைப் பற்றிப் பாடம் எடுக்க யாருக்கும் வாய் வராது. காலை நீட்டினால் கடைசியாக வெளிவருகிற கண்ணிகூடக் கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டும் என்பார். நடுக்கம்பியை உயர்த்திக் கேமராவை வைக்கிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்புறம் எதற்கு மூன்று கால், ஒரு குச்சியை நட்டு அதன்மேல் வைக்க வேண்டியதுதானே என்பார். கடைசியில் ஒன்று அவர் கைக்கு அடங்கியது. நல்ல கனம். அமுக்கியும் முறுக்கியும் பார்த்தார், ஊஹும், அசைந்து கொடுக்கவில்லை. அதன்மேல் பொருத்த, கேமராவைத் தாங்கிச் சாய்க்கிற தலை ஒன்று. அவருடைய கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்த எடையைப் போல இரண்டு மடங்கைத் தாங்கும். கைப்பிடியைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி இறங்கியது, ஏறியது.

அந்தத் தலையில் இரண்டு திருகுகள். ஒன்று, கேமரா எவ்வளவு இறுக்கமாகச் சாய வேண்டும் என்று வைத்துக்கொள்ள. இன்னொன்று பூட்டு. அதைத் திருகிவிட்டால் கேமரா எந்தப் பக்கமும் சாயாது. கடைக்காரர் நெடுநாள் பழக்கம், உரிமையோடு சொன்னார்.

"அண்ணே, கையை எடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பூட்டைப் போட்டுடுங்க. உங்க லென்ஸ் முன்பாரம். விட்டா மெல்ல மெல்லச் சரியும்."

மீசைக்காரருக்குச் சுருக்கென்றது.

"நான் கையை எடுத்தாத்தானே தம்பி" என்றார்.

அது வாய்ச்சவடால் இல்லை. அவர் தொழில் அப்படி. கல்யாண மேடையில் யார் சொன்ன இடத்தில் நிற்கிறார்கள்? பெண்ணின் அம்மா ஒரு நொடி கண் கலங்குவாள், மறு நொடி பந்திக்கு ஆள் போயிற்றா என்று திரும்பிவிடுவாள். பூட்டைத் திறந்துகொண்டிருந்தால் அதற்குள் கண்ணீரைத் துடைத்துவிட்டிருப்பாள். அதனால் அவர் பூட்டைப் போட்டதே கிடையாது. வலது கை கைப்பிடியில் இருக்கும், அதுதான் பூட்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்தக் கை, இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்த வாக்கில் வளைந்தே இருக்கும். உங்களுக்கு டீயைக் கையில் கொடுக்கவே வேண்டாம், டம்ளரைச் செருகிவிட்டுப் போய்விடலாம் என்று மனைவி கேலி செய்வாள்.

கல்யாண சீசனுக்கா என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஒரே ஒரு வேலைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த ஒரே வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை.

அவர் மனைவிக்கு வயிற்றில் கட்டி. இனிமேல் கொடுக்கிற மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு வந்தவள் அழவில்லை, கொள்ளவில்லை. வாசல் கதவைச் சாத்தியதும் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாகிட்ட இனிமே யாரு பேசுவா?" என்பதுதான்.

பாப்பா என்றால் ஏதோ கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குப் போகிற பெண். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கிற ஒரு கூடத்தில், நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து, மெழுகில் பல் செதுக்குகிறாள். நடை பழகுகிற வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அம்மாக்காரி விடவில்லை. குழந்தையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிச் சொல்லி, பேச வைத்தாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பழக்கினாள். எழுதிக் காட்டுவதெல்லாம் கடைத்தெருவில் வைத்துக்கொள், வீட்டுக்குள் பேச்சுத்தான் என்பது அவள் போட்ட சட்டம்.

ஆனால் பாப்பாவுக்கு எல்லார் உதடும் பிடிபடாது. அம்மாவின் உதடு என்றால் அடுக்களையிலிருந்து அரைவாக்கில் சொன்னாலும் பிடித்துக்கொள்வாள். அப்பாவின் உதடு? அது எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. மேலுதட்டை முழுக்க மூடிக் கீழுதட்டிலும் பாதி படர்ந்த மீசை. ஊரே அவரை மீசைக்காரர் என்றுதான் கூப்பிட்டது. ஸ்டுடியோப் பலகையில்கூடப் பெயருக்குப் பதில் ஒரு மீசையைத்தான் வரைந்து வைத்திருந்தார். போதாததற்கு மனிதர் பேசுவதே முணுமுணுப்பு. அப்பா ஏதாவது சொன்னால் பாப்பா உடனே அம்மா முகத்தைப் பார்ப்பாள். அம்மா அதையே திருப்பிச் சொல்வாள். இப்படியே காலம் ஓடிவிட்டது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை, பட்டிருக்க வேண்டும்.

தன்னைப் பேசவைத்து ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். தான் போன பிறகு மகள் எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டும், உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். எத்தனையோ வீட்டுப் பெண்களை அழகழகாக எடுத்துக் கொடுத்தவர், தன் வீட்டுக்கு எடுக்கப்போவது இதுதான் என்றதும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய ஸ்டாண்டின் ஒரு கால் லொடலொடத்தது. அதை நம்பி இந்தக் காரியத்தில் இறங்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான் அந்தப் பாடுபட்டுப் புதியது வாங்கினார்.

பாப்பா வேலைக்குப் போனதும் வீட்டுக் கூடத்தில் ஏற்பாடு நடந்தது. ஜன்னல் வெளிச்சம் மனைவியின் முகத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைப் போட்டார். ஸ்டாண்டின் கால்களை அகட்டி நிறுத்தி, நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டார். உதடு பெரிதாகத் தெரிவதற்காகப் பெரிய லென்ஸையே மாட்டினார். மைக்கை அவள் கழுத்தோரம் செருகினார். அவள் மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு, பவுடர் பூசி, கொஞ்சம் வெட்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கேமராவை ஓடவிட்டுப் பின்னால் நின்றார், கை கைப்பிடியில்.

அவள் பேசவில்லை. லென்ஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இங்க வந்து உக்காருங்க" என்றாள். "அந்த இரும்புக்குப் பின்னாடியே நின்னுட்டீங்க, வாழ்க்கை பூரா. உங்க முகத்தையும் அவ பார்க்கட்டும்."

அவர் மறுத்துப் பார்த்தார். தான் எதற்கு, தனக்குப் பேச வராது என்றார். அவள் விடுகிற ஜாதி இல்லை. கடைசியில் அவர் லென்ஸைக் கொஞ்சம் விரித்து, இரண்டு முகம் கொள்கிற அளவுக்கு இடம் பண்ணினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். எல்லாம் சரி. கைப்பிடியை விட்டுக் கையை எடுத்தபோது பூட்டைத் திருக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததில் என்ன ஆச்சரியம்? கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கையை எடுத்ததே அன்றுதான்.

அவள் பேச ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் நிறுத்திப் பேசினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கேமராவின் முன்னால் எரிகிற சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்துவிடுமோ, பேட்டரி தாங்குமோ, ஜன்னலில் மேகம் மறைக்குமோ என்றுதான் கவலை. பேச்சு காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஏதோ ஒரு சமயத்தில் அவள் லேசாகச் சிரித்தாள் என்பது மட்டும் நினைவிருந்தது.

பேசி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் ஓடிப்போய்க் கேமராவை நிறுத்திவிட்டு, அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். எடுத்ததைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அவள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

"நான் இருக்கறவரைக்கும் வேண்டாம். செத்துப்போனவளைப் பார்க்கற மாதிரி என்னையே நான் பார்க்கணுமா? சத்தியம் பண்ணுங்க."

பண்ணிக் கொடுத்தார். பாழாய்ப்போன சத்தியம். அன்றைக்கே பார்த்திருந்தால் மறுநாள் இன்னொரு முறை எடுத்திருக்கலாமே என்று பிறகு அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை.

அதற்கப்புறம் அவள் கூடத்துக்கு எழுந்து வரவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப்போன பிறகு, வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். நடுவில் பேச ஆளில்லாமல் இருவரும் சாப்பிட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டார்கள். ஒரு விடுமுறை நாளில் அவர் பாப்பாவைத் தோளில் தொட்டு டிவி முன்னால் உட்கார வைத்தார். அம்மா உனக்காகப் பேசி வைத்திருக்கிறாள் என்று கையைக் காட்டியும் வாயை அசைத்தும் சொன்னார். அம்மா என்ற சொல் மட்டும் அவளுக்குப் புரிந்தது. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, டிவிக்கு வெகு அருகில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

படம் ஓடியது. அம்மாவின் முகம், பக்கத்தில் விறைத்துக்கொண்டு அப்பாவின் முகம். பவுடர் தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது. "பாப்பா, அம்மா பேசறேன். புரியுதா?" பாப்பா டிவியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அப்போதுதான் அவர் கவனித்தார். அவர்கள் தலைக்கு மேல் இருந்த சுவர் குறைந்துகொண்டே வந்தது. அம்மாவின் நெற்றி மேல்விளிம்பைத் தொட்டது. பிறகு கண் போயிற்று. பிறகு மூக்கு. ஒரு குலுக்கல் இல்லை, உதறல் இல்லை. பார்த்துப் பார்த்து வாங்கின தலை அல்லவா, அத்தனை வழவழப்பாக இறங்கியது. தெரியாதவன் பார்த்தால் வேண்டுமென்றே அழகாக எடுத்திருக்கிறார்கள் என்பான். கேமரா சரிந்தது என்னவோ அரை விரற்கடைதான் இருக்கும். அந்தப் பெரிய லென்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று கால்களும் கடைசிவரை எள்ளளவும் அசையவில்லை.

உதடு மேல்விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று பேசியது. பிறகு அதுவும் போயிற்று.

"அம்மா எங்கப்பா?" என்று பாப்பா திரும்பினாள்.

மீசைக்காரர் எழுந்து ஓடினார். ஓடி என்ன செய்ய? பிடித்துத் தூக்கிவிடலாம் என்பது போல டிவியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார். படம் கழுத்தைக் கடந்து, மார்பைக் கடந்து, மடிக்கு வந்து, அந்தத் தலைக்குள் இருக்கிற ஸ்பிரிங் எதிர்த்துப் பிடித்த இடத்தில் நின்றுவிட்டது. போர்வை, நாற்காலிகளின் கைகள், மனிதர்களின் கைகள். வேறொன்றும் இல்லை.

குரல் மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. கழுத்தோரம் செருகின மைக், ஒரு மூச்சைக்கூடத் தவறவிடவில்லை. யாருக்காகப் பேசினாளோ அவளுக்கு அதில் ஒரு சொல் பயன்படாது. பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்காத மனிதர் இப்போது கேட்டார்.

ஈரத் தலையோடு வேலைக்குக் கிளம்பாதே என்றாள். யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் தோளைத் தட்டித் திருப்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள். எவனையாவது பிடித்துப்போனால், அவன் உன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறானா என்று முதலில் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்றாள். பிறகு அந்தச் சிரிப்பு வந்தது.

"உங்கப்பாகிட்ட அந்த மீசையை எடுக்கச் சொல்லு. கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், கேட்டாத்தானே. நான் சொன்னேன்னு சொல்லு, எடுப்பார். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலாம்."

டிவியில் அவருடைய வலது கை தெரிந்தது. இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில், இல்லாத கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வளைந்து, காலியாக. பக்கத்தில் அவள் இடது கை போர்வையைச் சுருட்டி இறுக்கியது. விரல்கள் வெளுத்தன. அந்தக் கை போர்வையை விட்டுவிட்டு எழுந்து, தயங்கி, வந்து அவர் கையின் வளைவுக்குள் நுழைந்தது. அங்கேயே இருந்தது. அவர் விரல்கள் மூடவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது வந்ததே தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் கை வெளியே வந்து, தன் முழங்காலையே பிடித்துக்கொண்டது.

குரல் மாறவே இல்லை. "அம்மாவுக்கு வலியெல்லாம் ஒண்ணும் இல்ல கண்ணு. நல்லாத்தான் இருக்கேன்."

பாப்பா டிவியிலிருந்து பார்வையை எடுத்து, அவருடைய வலது கையைப் பார்த்தாள். அவர் அதைச் சட்டென்று சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

படம் முடிந்ததும் அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். அவர் சொல்லிப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்து, நெற்றியைச் சுருக்கி, புரியவில்லை என்றாள். மறுபடி சொன்னார். பழக்கதோஷத்தில் அவள் அம்மா இருக்கிற பக்கம் திரும்பினாள். அங்கே சுவர்தான் இருந்தது. அவர் போனை எடுத்து, நல்லபடியாக இருக்கச் சொன்னாள் என்று எழுதிக் காட்டினார். இவ்வளவு நேரம் பேசினார்களே, இதுதானா என்று அவள் கேட்டாள். அவர் அடுத்த வரியை எழுதப் போனபோது அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். வீட்டுக்குள் எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள் என்றாள். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும் மீசைக்காரர் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றார். கத்தரிக்கோலால் பாதி, சவரக்கத்தியால் மீதி. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, மீசை போகிறதைப் பார்க்காமல் மூடினார். மேலுதடு வெயிலே படாமல் வெளிறிப்போய், யாரோ ஒருத்தருடையது மாதிரி இருந்தது. பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மனைவியின் குரலை ஒவ்வொரு வாக்கியமாக ஓடவிட்டு, நிறுத்தி, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். முணுமுணுப்பு வந்தபோதெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் குரலைக் கேட்டுக்கொண்டே அழாமல் வாயை அசைப்பது லேசில் வரவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று.

சாயங்காலம் பாப்பா வரும் நேரத்துக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தார். அந்த அளவுக்காவது தொழில் கைகொடுத்தது. புது ஸ்டாண்டு மூலையில் மடங்கிக் கிடந்தது. உள்ளே வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டாள். அம்மா போன பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"யாரு நீங்க?" என்றாள்.

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார். அவள் விரல் நகங்களில் மெழுகோடு அப்படியே வந்து உட்கார்ந்தாள். அவர் அம்மா சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் அவசரப்பட்டார். மெதுவாக என்று அவள் கையைக் காட்டினாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை, சிலதை மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஈரத் தலையைப் பற்றிச் சொன்னபோது அவள் கண் நிறைந்தது. முகத்தைப் பார்த்துப் பேசுகிறவனைப் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டாள்; அவர் அவள் தோளைத் தட்டித் திருப்பினார். மீசை விஷயத்தையும் சொன்னார். அவள் கையை நீட்டி, அவருடைய மேலுதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த வாக்கியம் வந்தது, வலியெல்லாம் ஒன்றும் இல்லை என்கிற வாக்கியம். காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நன்றாகப் பழகி வைத்திருந்த வாக்கியம். அவர் வாயைத் திறந்தார், மூடினார்.

அவள் விடவில்லை. தன் இடது கையை எடுத்து, வளைந்து கிடந்த அவருடைய வலது கைக்குள் வைத்துக் காட்டினாள்.

"இந்த இடத்துல அம்மா என்ன சொன்னாங்க?"

அவர் வெளிச்சத்துக்கு முகத்தை நன்றாகத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குது, கையைப் பிடிச்சுக்கோங்கன்னு சொன்னா" என்றார். "நான் பிடிக்கலம்மா."

எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டவள், அதை மட்டும் மறுபடி சொல்லச் சொல்லவில்லை.